சொந்தப் பாட்டோடு மேடையேறும் ரொக் குழுக்கள்: யாழ்ப்பாணத்தில் அண்மையில் கேட்டவை

வடலி

அண்மையில் யாழ்ப்பாணத்தில் கேட்ட ரொக் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. மேடையேறியவர்கள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்ட பாடல்களைத்தான் பாடினார்கள். ஒரு சினிமாப் பாட்டுக்கூட இல்லை. பின்னால் எந்த இசை நிறுவனமும் இல்லை. திருவிழா மேடையையும் திருமண மண்டபத்தையும் தவிர வேறு மேடையைக் கண்டிராத பிள்ளைகள் இப்படித் துணிந்திருப்பதை நாலு பேர் அறிய வேண்டும்.

மனதை விட்டு அகலாதது கொக்குவில் பக்கம் ஒரு வீட்டு வளவில் நடந்த நிகழ்ச்சி. மாமரத்தின் கீழ், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை அடித்த மேடை. எண்பது பேர் அளவில் இருந்திருப்போம். பாதிப் பேர் பாயில், மீதிப் பேர் பிளாஸ்டிக் கதிரைகளில். இன்னும் தனக்குப் பெயர் வைத்துக்கொள்ளாத குழு அது. இரண்டு கிற்றார், ஒரு பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிற்றார்), ட்ரம்ஸ். பேஸ் வாசித்தவர் ஒரு பெண். மற்றவர்கள் வேகமெடுக்கும்போதெல்லாம் அவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பாட்டு முழுவதும் அந்தச் சுரத்தின் மேல்தான் நின்றது. ட்ரம்ஸ்காரர் பெரிய ட்ரம்முக்குள் ஒரு தலையணையைத் திணித்திருந்தார். கையில் வழக்கமான குச்சிகள் இல்லை. தென்னை ஈர்க்குகளைச் சேர்த்து நூலால் இறுகக் கட்டிய இரண்டு பிடிகள். அதனால் ட்ரம்ஸ் சத்தம் அடங்கி, பாட்டின் ஒவ்வொரு வரியும் கடைசிக் கதிரை வரை தெளிவாகக் கேட்டது.

ஒரு பாட்டு இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாடு போன அண்ணனின் அறையைப் பற்றியது. அலுமாரிச் சாவி அம்மாவிடம் இருக்கிறது. கட்டிலை யாரும் நகர்த்துவதில்லை. கிரிக்கெட் மட்டை கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. தம்பி இடமில்லாமல் விறாந்தையில் இருந்து படிக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. அண்ணன் திரும்பி வருவானா என்ற கேள்வியே அதில் எழவில்லை. கடைசி ஒன்றிரண்டு நிமிடங்கள் குரல் இல்லாமல் இரண்டாவது கிற்றார் மட்டும் ஒரு சிறிய சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப மீட்டியது. எனக்கு முன்னால் இருந்த அம்மா ஒருவர், "எங்கள் வீட்டுக் கதையை யார் இவர்களுக்குச் சொன்னது?" என்று மகளிடம் கேட்டார். அதைவிடப் பெரிய பாராட்டை எந்தக் குழுவும் பெற முடியாது.

மற்றது நகரத்துக்குள் ஒரு மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த மூவர் குழு. வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிற்றார் வாசித்தவரின் கை அபாரம். ஆனால் சீமெந்துச் சுவர், மேலே தகரக் கூரை, இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஒலிபெருக்கிகள். மூன்றாவது பாட்டுக்குள் காது அடைத்துவிட்டது. என்ன மொழியில் பாடுகிறார்கள் என்றுகூடப் பிடிபடவில்லை. நல்ல பாடல்கள் அந்த இரைச்சலுக்குள் வீணாய்ப் போனதை நினைக்க ஆறவில்லை.

யாழ்ப்பாணத்தில் வாசிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள், கேட்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள். நூறு பேர் கூடி இருந்து, வரிகள் விளங்கக் கேட்கக்கூடிய இடம்தான் இல்லை. பெரிய மைதானமும் பெரிய மேடையும் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த இசைக்கு எது நல்லது என்பதை யோசிக்க வேண்டும். மற்றவர்களின் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பிறவுண் வீதி

தம்பி வடலி, எழுதியதற்கு நன்றி. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சொந்தப் பாட்டோடு கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறுவது எங்கள் மண்ணுக்குப் புதிது அல்ல. 1960களின் இறுதியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு வந்து நின்றபோது அவர் பாடியது நம் வீட்டுப் பேச்சையும் நம் ஊர் மனிதர்களையும்தான். அதன் பின் ஏ.ஈ.மனோகரன். பைலாத் தாளத்தில் தமிழ் பொப் பாட்டு இலங்கையில் பிறந்து, வானொலி வழியாகத் தமிழ்நாடு வரை போனது. அப்போதும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் கலியாண வீட்டில் அந்தப் பாட்டு வந்ததும் எழுந்து ஆடியவர்களும் அவர்களேதான்.

இன்றைய பிள்ளைகளின் ரொக் அந்தப் பொப் பாட்டைவிடக் கனமானது, சோகமும் கூட. எனக்கு எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லும் வளவு நிகழ்ச்சிக்கு நானும் வந்திருந்தேன். அறைப் பாட்டு நல்ல பாட்டு. அதற்குப் பின் பாடிய ஒன்றில் ஒரே வரியைப் பத்துத் தடவைக்கு மேல் சொன்னார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. வரி எழுதுவதில் இன்னும் உழைக்க வேண்டும்.

தென்றல் குருநகர்

அந்தப் பேஸ் வாசித்த பெண்ணைப் பற்றி எழுதியது மகிழ்ச்சி. எங்கள் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் கிற்றார், கீபோர்ட், ட்ரம்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிள்ளை காசில்லாமல் தொட்டுப் பழகக்கூடிய இடம் தேவாலயம்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் பெருநாளுக்கும் வாசித்து வாசித்தே கை பழகுகிறது. மாதாகோவில் முற்றத்தில் நாட்டுக்கூத்துப் பாட்டைக் கேட்டு வளர்ந்த காது வேறு. அன்று இறுதியாகப் பாடிய பாட்டில் எல்லோரும் சேர்ந்து இழுத்துப் பாடிய இடம் நினைவிருக்கிறதா? அது அப்படியே கூத்தில் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும் முறை. வெளியூர்க்காரருக்கு அது ரொக் பாட்டின் பல்லவியாகக் கேட்டிருக்கும். பாசையூர், குருநகர் ஆட்களுக்கு உடனே பிடிபட்டிருக்கும்.

இன்னொன்று. நிகழ்ச்சி மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முன் முடிந்தது. அதனால்தான் என்னைப் போன்ற பெண்கள் அத்தனை பேர் வர முடிந்தது. இரவு பதினொரு மணிக்கு முடியும் நிகழ்ச்சி என்றால் வீட்டில் கேட்கவே முடியாது. ஏற்பாட்டாளர்கள் இதை ஒரு கொள்கையாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

சுருதிப்பெட்டி

ஒலி அமைப்பு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வடலி குறிப்பிட்ட மண்டபத்தில் கேட்ட இரைச்சலுக்கு மூன்று காரணங்கள் உண்டு.

தகரக் கூரையும் வெறும் சீமெந்துச் சுவரும் சத்தத்தை விழுங்காது, திருப்பி எறியும். ட்ரம்ஸின் ஒரு அடி முடிவதற்குள் முந்திய அடியின் எதிரொலி வந்து அதன் மேல் விழும். அதில் பாடகரின் குரல் அமிழ்ந்துபோகும். குரல் கேட்கவில்லை என்று குரலைக் கூட்டுவார்கள். உடனே கிற்றார்காரர் தன் அம்பிளிபயரைக் கூட்டுவார். பிறகு மைக் கூவத் தொடங்கும். சிறிய இடத்தில் ட்ரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை. முதலில் குரலை வைத்துக்கொண்டு, அது தெளிவாக இருக்கும் அளவுக்கு மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கீழே கொண்டுவர வேண்டும். நம் ஊரில் வேலை நடப்பது தலைகீழாக: ட்ரம்ஸில் தொடங்கி, கடைசியில் குரலுக்கு இடம் தேடுவார்கள்.

இரண்டாவது, மின்சாரம். அன்று பாட்டுகளுக்கு இடையில் ஒரு முரலல் கேட்டிருக்குமே, அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் முரலல். கிற்றார் அம்பிளிபயரை ஒரு சுவர்ச் சொருகியிலும் எல்லாச் சத்தத்தையும் கலக்கும் மிக்சரை மண்டபத்தின் மறுகோடியில் இன்னொரு சொருகியிலும் கொடுத்தால் இரண்டு எர்த்துக்கும் (மின்கசிவை நிலத்துக்குக் கொண்டுபோகும் பாதுகாப்புக் கம்பி) இடையில் ஒரு சுற்று உருவாகி இந்த முரலல் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். முரலலை நிறுத்துவதற்காக எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கையில் கிற்றார்க் கம்பி, உதட்டில் மைக். ஒரு கருவியில் பழுது இருந்தால் பாடகரின் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் பாயும்.

மூன்றாவது, மண்டபத்தில் ஆட்கள் குறைவு. ஆட்களின் உடம்பும் உடுப்பும் சத்தத்தை விழுங்கும். வெறும் மண்டபத்தில் சரிபார்த்த அளவு, கூட்டம் வந்தபின் பொருந்தாது. கூட்டம் குறைந்தால் அதுவும் பொருந்தாது.

திறந்த வளவில் சுவரே இல்லை. மண் தரை, மரம், பாய். அதனால்தான் குறைந்த கருவிகளோடு அவ்வளவு தெளிவு.

அடையாறு ரசிகை

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தபோது நான் கூட்டத்தில் நின்றேன். கானாவும் ராக் கிட்டாரும் ராப்பும் பறையும் ஒரே மேடையில், அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால். அன்று ஒரு விஷயம் உறுதியானது: ராக் என்பது இங்கிலீஷில் பாடினால்தான் சரியாக வரும் என்று சென்னையில் பலர் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் பேச்சு. கேரளத்தில் அவியல் குழு 2008ஆம் ஆண்டு ஆல்பத்திலேயே மலையாளத்தில் அதை நிரூபித்துவிட்டது. பெங்களூரு அகம் குழு கர்நாடக இசையை ராக் இசையோடு சேர்த்துப் பெரிய அரங்குகளை நிரப்புகிறது.

ஆனால் வடலி சொல்லும் சிறிய இடம் இங்கேயும் பிரச்சினைதான். பெரிய நிகழ்ச்சிகளுக்கு விளம்பரதாரர் கிடைக்கிறார்கள். எழுபது, எண்பது பேர் வரும் நிகழ்ச்சியை நடத்தும் காபிக் கடைகளில் மேசைக்கு ஆர்டர் எடுக்க வருபவர்களின் பேச்சுக்கு நடுவில் பாட வேண்டியிருக்கிறது. பாயில் உட்கார்ந்து கேட்கும் கூட்டம் எங்களுக்கு அமையவில்லை.

ஒரு கேள்வி. அந்தக் குழுவின் பாடல்களில் போர் வருகிறதா? யாழ்ப்பாணத்திலிருந்து பாட்டு என்றால் முதலில் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

வடலி

அக்கா, நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். அவர்கள் பாடியதில் ஒரு பாட்டில் வந்தது, அதுவும் ஒரு வரியில்: தாத்தாவின் தோட்டக் கிணற்றைத் துப்புரவு செய்யும்போது மண்ணோடு மேலே வந்த ஒரு பொருளை எல்லோரும் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு பக்கம் வைத்துவிட்டார்கள். அது என்ன பொருள் என்று பாட்டில் சொல்லவில்லை. மற்றப் பாடல்கள் காதல், பஸ், வேலை தேடுதல், கொக்குவில் புகையிரதக் கடவையில் மணி அடிக்கும்போது மறுபக்கம் நிற்கும் ஒருத்தியைப் பார்ப்பது. கடவைப் பாட்டில் ட்ரம்ஸ்காரர் அந்த மணியின் தாளத்தை அப்படியே சிம்பல் தட்டில் கொண்டுவந்தார். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தபோது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இவர்கள். அந்த மணிச் சத்தம் அவர்களுடைய இளமையின் சத்தம்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் கலைஞர்களிடம் எப்போதும் ஒரே பாட்டைக் கேட்கிறார்கள். பாட வேண்டும் என்று தோன்றும்போது பாடட்டும். ஒரு பத்தொன்பது வயதுப் பையன் கடவையில் நின்ற பெண்ணைப் பற்றிப் பாட விரும்பினால் அதைப் பாட அவனுக்கு முழு உரிமை உண்டு, அதை நாங்கள் முழுக் கவனத்தோடு கேட்க வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் தமிழன்

லண்டனில் 2025 நவம்பரில் ரேடியோஹெட் என்ற ஆங்கில ரொக் குழுவின் நிகழ்ச்சிக்குப் போனேன். 2018க்குப் பின் அவர்கள் மேடையேறிய முதல் சுற்றுப்பயணம். பெரிய உள்ளரங்கு. மேடையை ஒரு கோடியில் போடாமல் நடுவில் போட்டிருந்தார்கள். நான்கு பக்கமும் சனம். வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்தார்கள். ஒரு பாட்டில் பாடகர் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அப்போது ட்ரம்ஸ்காரரின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது. பாட்டு எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது என்பதை அவர்கள் கண்ணால் பேசிக்கொள்வதை அவ்வளவு பெரிய அரங்கிலும் காண முடிந்தது. ஒவ்வோர் இரவும் பாடல் வரிசையை மாற்றினார்கள், அதனால் அடுத்தது என்ன என்று யாருக்கும் தெரியாது.

கொக்குவில் வளவிலும் இதைச் செய்து பார்க்கலாமே? மாமரத்தடியில் குழு, சுற்றிவரப் பாய்.

பிறவுண் வீதி

செய்யலாம் தம்பி. மட்டக்களப்புக் கூத்து காலங்காலமாக வட்டக்களரியில்தான் ஆடப்படுகிறது. நடுவில் ஆட்டம், சுற்றிவரச் சனம். ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை எங்களுக்குப் பின்னால் வந்த பழக்கம்.

சுருதிப்பெட்டி

நடுவில் மேடை என்றால் ஒலிபெருக்கிகளை மைக்குகளுக்கு முன்னால், வெளிப்பக்கம் பார்த்தபடி வைக்க வேண்டும். மைக் பின்பக்கம் இருப்பதால் கூவும் ஆபத்து குறையும். நான்கு சிறிய பெட்டிகள் போதும், ஒவ்வொன்றும் தன் பக்கத்து இருபது பேருக்கு. சத்தத்தை இன்னும் குறைத்தே வைக்கலாம். வாசிப்பவர்கள் நெருங்கி நிற்பதால் தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்க அவர்களுக்குத் தனியாக மொனிட்டர் ஒலிபெருக்கியும் வேண்டியிருக்காது. எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது.

முற்றவெளிக் காற்று

எல்லோரும் சிறிய இடம், சிறிய இடம் என்கிறீர்கள். சிறிய இடத்தில் கலைஞனுக்கு என்ன மிஞ்சும்? நான் திருவிழாக்களுக்கு வாசிக்கும் இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கிறேன். ஒரு இரவு வாசித்தால் எனக்குக் கிடைப்பதை இந்த வளவுக் குழு நால்வரும் சேர்ந்து ஒரு மாதத்தில் பார்க்க மாட்டார்கள். சினிமாப் பாட்டைக் குறைவாகப் பேசுவதும் சரியல்ல. இளையராஜாவின் பாடல்களில் வரும் பேஸ் நடையைக் கேட்டு எடுத்துத்தான் இங்கே பேஸ் வாசிக்கும் அத்தனை பேரும் கற்றார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் கற்றிருப்பார்.

வடலி

அண்ணா, சினிமாப் பாட்டைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. திருவிழா இசைக்குழுக்கள் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஒரு ட்ரம்ஸ் பெட்டிகூட மிஞ்சியிருக்காது. கடினமான ஆண்டுகளிலும் வாசிப்பை உயிரோடு வைத்திருந்தவர்கள் நீங்கள்.

காசு விடயத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் பெரிய மேடையால் யாருக்குக் காசு போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் நடந்த பெரிய சினிமா இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து, நிகழ்ச்சியே குழம்பியது எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு மேடையே தெரியவில்லை. அந்த அளவு கூட்டத்தில் புதிய பாட்டைக் கேட்கப் பொறுமை யாருக்கு இருக்கும்? தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள், அது இயல்பு. நூலகத்துக்குப் பக்கத்தில் புதிய கலாசார மையம் இருக்கிறது, 600 பேர் அமரும் அரங்கு. அழகான அரங்கு, ஆனால் எண்பது பேரை அதற்குள் இருத்தினால் வெறுமைதான் தெரியும்.

வளவு நிகழ்ச்சிக்கு 500 ரூபா வாங்கினார்கள். எண்பது பேர் என்றால் 40,000. ஒலிக்கும் தேநீருக்கும் போக நால்வருக்கும் ஏதோ மிஞ்சியிருக்கும். பெரிதல்ல. ஆனால் மாதம் ஒரு தடவை, வெவ்வேறு ஊரில், வெவ்வேறு குழு என்று தொடர்ந்தால் ஒரு கேட்போர் வட்டம் உருவாகும். யாழ்ப்பாணம் சர்வதேச சினிமா விழா 2015இல் தொடங்கிச் சிறிய திரையிடல்கள் வழியாகத்தான் தன் பார்வையாளர்களைச் சேர்த்தது. இசைக்கும் அது முடியும்.

கச்சான் சுருள்

அறைப் பாட்டின் போது பின்வரிசையில் கைபேசி வெளிச்சத்தோடு முழுப் பாட்டையும் படம் பிடித்தவர் இதைப் படித்தால், அடுத்த முறை ஓரிரு வரிகளோடு நிறுத்துங்கள். உங்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அந்தப் பாட்டு உங்கள் திரையில்தான் தெரிந்தது.

கொக்குவில் கிழக்கு

அந்த வளவுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நிகழ்ச்சி என்று கேள்விப்பட்டபோது பயந்தேன், ஏனென்றால் முன்பு பக்கத்தில் நடந்த ஒரு கொண்டாட்டத்தில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்று அப்படி இல்லை. மகள் படித்துக்கொண்டே கேட்டாள், கடவைப் பாட்டு வந்தபோது மட்டும் எழுந்து மதிலடிக்குப் போனாள். ஏற்பாட்டாளர்கள் இரண்டு நாள் முன்பே வீடு வீடாக வந்து நேரத்தைச் சொன்னார்கள். அந்த மரியாதைக்காக என் ஆதரவு அவர்களுக்கு உண்டு. பரீட்சை நடக்கும் வாரங்களில் மட்டும் வேண்டாம்.

முற்றவெளிக் காற்று

தம்பி வடலி, கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். என்னிடமும் நானே மெட்டுப் போட்ட நாலைந்து பாட்டு இருக்கிறது. எங்கள் இசைக்குழுவில் அதை வாசிக்க இடம் கிடைத்ததில்லை. கீபோர்ட் இல்லாத குழுவுக்குக் கீபோர்ட் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

அடையாறு ரசிகை

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு இங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறதே, ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. தேதியை முன்கூட்டியே சொன்னால் நானும் இரண்டு நண்பர்களும் வருகிறோம். பாயில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

வடலி

குழுவோடு பேசிவிட்டேன். அடுத்தது பரீட்சைக்குப் பின், ஒரு ஞாயிறு மாலை ஐந்தரை மணி, அதே வளவு, நடுவில் மேடை. எட்டு மணிக்கு முடியும். திகதியை இந்த இழையிலேயே அறிவிக்கிறேன். கீபோர்ட் அண்ணாவை அவர்கள் வரச் சொல்கிறார்கள். ஒத்திகை சனிக்கிழமைகளில், அவருடைய பாடல்களில் இரண்டை எடுத்துப் பார்க்க விருப்பம். நூறு பேருக்கு மேல் நுழைவுச்சீட்டு இல்லை.

சுருதிப்பெட்டி அண்ணா, நான்கு சிறிய ஒலிபெருக்கிகளில் இரண்டு கைவசம் இருக்கிறது. மற்ற இரண்டை இரவல் தரக்கூடியவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கள். 13 ஆம்பியர் சொருகியோடு, எர்த் சரியாக இருக்கும் நீளமான இணைப்பு வயரும் ஒன்று வேண்டும்.

சுருதிப்பெட்டி

மற்ற இரண்டு ஒலிபெருக்கிகளும் வயரும் என்னிடம் இருக்கிறது. வயரை நானே பரிசோதித்துக் கொண்டுவருகிறேன். மூன்றரைக்கு வளவைத் திறந்து வையுங்கள்.